மீட்டர் இரண்டும் ஒன்று என்கிறது, கண் இல்லை என்கிறது!

ஒரு நண்பர் அனுப்பிய கேள்வி இந்த வாரம் முழுக்க என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. "சார், பழைய எல்இடி மானிட்டர், புது ஓஎல்இடி, இரண்டையும் ஒரே மீட்டரால் (திரையின் நிறத்தை அளக்கும் கருவி) காலிப்ரேட் செய்தேன், அதாவது நிறத்தைச் சரிசெய்தேன். ரிப்போர்ட்டில் இரண்டிலும் டெல்டா ஈ (இலக்கு நிறத்திலிருந்து விலகும் அளவு) 1க்குக் கீழே. ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓஎல்இடி வெள்ளை லேசாகப் பச்சை அடிக்கிறது. மீட்டர் கெட்டுப்போச்சா?"

அவசரப்பட்டு மீட்டரைத் திட்டாதீர்கள். வெள்ளை எவ்வளவு மஞ்சள், எவ்வளவு நீலம் என்பதைக் கெல்வின் எண்ணில் சொல்வார்கள்; மானிட்டருக்கு வழக்கமான இலக்கு 6500. ஆனால் நிற வரைபடத்தில் 6500 என்பது ஒரு புள்ளி இல்லை, ஒரு கோடு. அதே 6500இல் பச்சை சாய்ந்த வெள்ளையும் உண்டு, ரோஸ் சாய்ந்த வெள்ளையும் உண்டு. அதனால் கெல்வினை விட்டுவிட்டு நிற வரைபடத்தில் ஒரே புள்ளியைக் காட்டும் எக்ஸ், ஒய் எண்களைப் பாருங்கள்: எக்ஸ் 0.3127, ஒய் 0.3290 வருகிறதா? இரண்டிலும் வெளிச்சம் ஒரே அளவா, மீட்டர் மென்பொருளில் ஓஎல்இடிக்கு ஓஎல்இடி என்றே தேர்ந்தெடுத்தீர்களா, அதையும் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வித்தியாசம் தெரிகிறதா? அப்போதுதான் விஷயமே ஆரம்பிக்கிறது.

நான் எப்போதும் சொல்வதுதான்: மீட்டர் காட்டுவது உங்கள் கண்ணை அல்ல. அந்த எண்களுக்கு அடிப்படை 1931இல் சிஐஇ என்ற சர்வதேச ஒளியியல் அமைப்பு வெளியிட்ட, சராசரிக் கண் நிறத்தை எப்படிப் பார்க்கிறது என்ற அட்டவணை. 1920களின் கடைசியில் இங்கிலாந்தில் ரைட், கில்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் முறையே 10 பேரையும் 7 பேரையும் வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து பிறந்தது. மொத்தம் 17 பேர்! அதுவும் அவர்கள் பார்த்தது, கையை நீட்டினால் கட்டைவிரல் நகம் மறைக்கிற அளவு சின்னப் பரப்பை. நீங்கள் பார்ப்பது 27 அங்குலத் திரையை.

இரண்டு மானிட்டரும் ஒரே மாதிரி ஒளி விட்டால் இதெல்லாம் பிரச்சினையே இல்லை. எல்இடி பேக்லைட் ஒரு விதமான அலைவரிசைக் கலவையில் வெள்ளை செய்கிறது, ஓஎல்இடி வேறு கலவையில் செய்கிறது. அந்த 17 பேரின் சராசரிக் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. உங்கள் கண்ணுக்கு அப்படி இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. போதாததற்கு, அந்த அட்டவணையில் நீலப் பகுதி மதிப்புகள் குறைவு என்று ஜட் என்ற நிற ஆய்வாளர் 1951இலேயே திருத்தம் கொடுத்துவிட்டார். சோனி தன் ஸ்டுடியோ ஓஎல்இடி மானிட்டர்களுக்கு இந்தத் திருத்தத்தின் வழியில் எக்ஸில் 0.006, ஒய்யில் 0.011 குறைக்கச் சொன்னது. ஒய் குறைந்தால் பச்சை குறையும். நண்பர் சொன்ன அதே பச்சை!

எனக்குத் தெரிந்த ஒரு கல்யாண ஆல்பம் கடையில் அப்பாவும் மகனும் இதே சண்டை போட்டார்கள். மகனுக்குப் பச்சை தெரிகிறது. அப்பா, "எங்கேடா பச்சை? எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்கிறார். வயதாக ஆகக் கண் லென்ஸ் மஞ்சளித்து நீலத்தைக் கொஞ்சம் விழுங்கும். இருவரும் சொன்னது உண்மைதான். மறுபடியும் சொல்கிறேன், மீட்டர் காட்டுவது அப்பா கண்ணும் இல்லை, மகன் கண்ணும் இல்லை.

உண்மையில் நண்பர் கேட்டிருக்க வேண்டியது வேறு: எந்த மானிட்டரைப் பார்த்து நிறத்தை முடிவு செய்வது? ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அதைத் தொடாதீர்கள். இரண்டையும் அரை மணி நேரம் ஓடவிட்டு, இரண்டிலும் திரை முழுக்க வெள்ளை வையுங்கள். மற்றதில் சிவப்பு, பச்சை, நீலம் கெயினை (மானிட்டர் மெனுவில் ஒவ்வொரு நிறத்தின் அளவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) உங்கள் கண்ணுக்கு ஒன்றாகும்வரை நகர்த்துங்கள். பார்வையை அடிக்கடி விலக்கிவிட்டுப் பாருங்கள், வெறித்துப் பார்த்தால் கண் பழகிவிடும். ஒன்றானதும் அந்த வெள்ளையை மீட்டரால் அளந்து, வருகிற எக்ஸ், ஒய் எண்களையே அந்த மானிட்டருக்கு இலக்காகக் கொடுத்துக் காலிப்ரேட் செய்யுங்கள். ரிப்போர்ட்டில் 0.3127இலிருந்து தள்ளித்தான் இருக்கும். இருக்கட்டும்.

கடையில் ஆல்பம் பார்ப்பது அப்பா என்றால், கெயினைத் திருப்பும்போது அப்பாவை உட்கார வையுங்கள்.