“நல்லா சாப்பிட்டாங்க” என்றால் எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம்.

முப்பது வருடத்துக்கு மேல் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகு, முதியோர் இல்லங்களிலும் வீடுகளிலும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அட்டெண்டர், ஹோம் நர்ஸ், ஆயாம்மா என்று ஆளுக்கு ஒரு பேர் சொல்லிக் கூப்பிடுகிறோமே, அவர்களுக்கு. இன்று அவர்களுக்கும், வீட்டில் படுத்திருக்கும் அம்மா அப்பாவைத் தாங்களே பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் சேர்த்துப் பேசப்போகிறேன். மருந்தைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. வார்த்தையைப் பற்றித்தான் பேச்சு.

காலை எட்டு மணி. இரவு டியூட்டி பார்த்த பெண் கிளம்புகிறாள், பகல் டியூட்டிப் பெண் வருகிறாள். “பாட்டி எப்படி?” “நல்லா இருக்காங்கக்கா. நல்லா சாப்பிட்டாங்க, நல்லா தூங்கினாங்க.” அவ்வளவுதான், பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிடுவாள். இந்த “நல்லா” இருக்கிறதே, அதுதான் எனக்கு முதல் எதிரி. நல்லா சாப்பிட்டாங்க என்றால் எவ்வளவு? இரண்டு இட்லியா, அரை இட்லியா? நேற்று மூன்று சாப்பிட்டவர் இன்று ஒன்று சாப்பிட்டால் அது நல்லாவா? “இரண்டு இட்லி, அரை டம்ளர் கஞ்சி, ராத்திரி இரண்டு தடவை யூரின், நேற்றும் இன்றும் மோஷன் போகவில்லை.” இப்படிச் சொன்னால் கேட்பவருக்கு வேலை நடக்கும். கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள், முடிவை டாக்டர் சொல்லட்டும். இதை இன்னும் இரண்டு மூன்று தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டம்ளர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இதய நோய் உள்ளவர்களில் சிலருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் என்று டாக்டர் அளவு வைத்திருப்பார். ஒரு வீட்டில் “ஒரு லிட்டர்தான், ஐந்து டம்ளர்” என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனால் தாத்தாவுக்குக் கால் வீங்கியிருக்கிறது. அந்த வீட்டில் டம்ளர் என்பது ஏறக்குறைய சொம்பு! தப்பு என்னுடையதுதான். அன்றிலிருந்து, முதல் நாளே ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து அந்த வீட்டு டம்ளரில் ஊற்றி எண்ணிப் பார்க்கச் சொல்கிறேன்.

சரி, மருந்துச் சீட்டுக்கு வருவோம். அதில் பிடி (BD), டிடிஎஸ் (TDS), ஹெச்எஸ் (HS) என்றெல்லாம் எழுதியிருப்பார்கள். எல்லாம் லத்தீன் மொழிச் சுருக்கம். பிடி என்றால் தினம் இரண்டு வேளை, டிடிஎஸ் மூன்று வேளை, ஹெச்எஸ் படுக்கப்போகும் நேரத்தில். இப்போது நிறைய டாக்டர்கள் 1-0-1, அதாவது காலை ஒன்று, மதியம் இல்லை, ராத்திரி ஒன்று என்று எழுதிவிடுவதால் பாதித் தொல்லை ஒழிந்தது. ஆனால் எஸ்ஓஎஸ் மட்டும் அப்படியே இருக்கிறது. அதைப் பற்றி ஒரு கதை உண்டு. என் வகுப்பில் படித்தவர்கள் எல்லோரும் கேட்டு அலுத்துப்போன கதை.

ஒரு பாட்டிக்கு மூட்டுவலி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது பாரசிட்டமால் மாத்திரையை எஸ்ஓஎஸ் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பார்த்துக்கொண்ட பெண்ணுக்கு இருபது வயதிருக்கும், பிளஸ் டூ படித்தவள், கெட்டிக்காரி. நான் நான்காம் நாள் போகிறேன். பாட்டி கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறார். மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை, முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகல். “மாத்திரை கொடுக்கலையாம்மா?” என்றேன். அவள் பூஜை அலமாரியைக் காட்டினாள். சாமி படத்துக்குப் பின்னால் அட்டை பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது! “அது ஆபத்துக்கு வெச்சிருக்கேன் சிஸ்டர். எஸ்ஓஎஸ் போட்டிருக்காங்க. கப்பல் முழுகும்போதுதானே அதை அனுப்புவாங்க?”

சிரித்துவிட்டேன். அப்புறம் அன்று இரவு எனக்கே தூக்கம் வரவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் படித்தது சரிதான், கப்பல்காரர்களின் எஸ்ஓஎஸ் அபாயக் குறிதான். மருந்துச் சீட்டில் வருவது வேறு. ‘சி ஓபஸ் சிட்’ என்ற லத்தீன், அதாவது ‘தேவைப்பட்டால்’. இந்த ஒரு சொல்லைத் தமிழில் சொல்லி அனுப்ப அங்கே யாருக்கும் நேரமில்லை. மூன்று ராத்திரி ஒரு வயதானவர் வலியில் கிடந்தார். பெண்ணை நான் குற்றம் சொல்லமாட்டேன், சொல்லவே மாட்டேன். சீட்டில் எஸ்ஓஎஸ் என்று பார்த்தால் அங்கேயே நின்று மூன்று கேள்வி கேளுங்கள். எதற்குத் தேவைப்பட்டால்? ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி? ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை? கேட்டதை வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், சீட்டின் மேலேயே தமிழில் எழுதிவிடுங்கள்.

இன்னொரு தமாஷ். மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயை ‘ரயில் டியூப்’ என்று பலர் சொல்கிறார்கள். ரயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ரைல் என்ற ஆங்கிலேய டாக்டரின் பேர் அது, ரைல்ஸ் டியூப். படுக்கையில் விரிக்கும் ரப்பர் ஷீட்டை நாங்கள் மெக்கின்டாஷ் என்போம். 1823-இல் ரப்பர் பூசிய துணிக்குக் காப்புரிமை வாங்கிய ஸ்காட்லாந்துக்காரர் பேர். பேர் எப்படியும் போகட்டும், அதன் மேல் பருத்தித் துணி விரிக்காமல் ஆளைப் படுக்கவைக்காதீர்கள், வியர்த்து ஊறிப்போகும்.

லத்தீனையும் வெள்ளைக்காரர் பேரையும் சொன்னேன். நம்முடைய சொல் ஒன்றும் இருக்கிறது, புரை ஏறுவது. சாப்பிடும்போது புரை ஏறினால் தலையில் தட்டி, “யாரோ நினைக்கிறாங்க” என்போம். பக்கவாதம் வந்தவருக்குப் புரை ஏறினால் அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியாது. விழுங்கும் தசை பலவீனமாகி, சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். நுரையீரலில் இறங்கினால் நிமோனியா. ஆகவே, “இன்று கஞ்சி குடிக்கும்போது இரண்டு தடவை புரை ஏறியது, பிறகு குரல் கரகரத்தது” என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் டாக்டருக்கு எவ்வளவு உபயோகம் தெரியுமா? நம் வழக்கப்படி அண்ணாந்து, வாயில் படாமல் தண்ணீர் ஊற்றுவது இவர்களுக்கு ஆகவே ஆகாது. நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னச் சின்ன வாயாகக் கொடுக்க வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரமாவது சாய்க்காதீர்கள்.

படுக்கைப் புண்ணுக்கு வருகிறேன். பெட் சோர் என்பீர்கள். முதுகுக்குக் கீழே, இடுப்பு எலும்பு, குதிகால், இங்கெல்லாம் வரும். புத்தகத்தில் “முதல் அடையாளம் சிவப்பு” என்று இருக்கும். சிவந்த தோல்காரருக்குச் சரி. நம் மாநிறத்திலும் கறுப்பிலும் சிவப்பு எங்கே தெரிகிறது? நானே ஆரம்ப காலத்தில் சிவப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், கை வைத்துப் பாருங்கள். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடா? கெட்டியா, கொழகொழவென்றா? கருநீலமாகத் தெரிகிறதா? தொட்டால் பெரியவர் முகம் சுளிக்கிறாரா? இதையும் “லேசா ஏதோ இருக்குக்கா” என்று சொல்லாதீர்கள். “இடது குதிகாலில் ஐந்து ரூபாய்க் காசு அளவு, சூடாக இருக்கிறது” என்று சொல்லுங்கள். இடது என்றால் அவருடைய இடது, எதிரில் நிற்கும் உங்கள் இடது அல்ல. அந்த இடத்தை அழுத்தித் தேய்க்கக் கூடாது. காற்று அடித்த வளையத்தை அடியில் வைப்பதும் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ராத்திரியிலும்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிலைய நண்பர் இரண்டு விரலைக் காட்டுகிறார். இரண்டு நிமிடமாம். குளிப்பாட்டுவது, மறதி நோய் உள்ளவர்களிடம் பேசுவது எல்லாம் எழுதிக்கொண்டு வந்தேன். பாதிக்கதையிலேயே நேரம் போய்விட்டது, என் வகுப்பிலும் இதே கதிதான்.

அவசரமாக மூன்று. பக்கவாதக்காரருக்குச் சட்டை போடும்போது பலவீனமான கைக்கு முதலில், கழற்றும்போது அதைக் கடைசியில். யூரின் பையைத் தரையில் வைக்காதீர்கள், இடுப்புக்கு மேலே தூக்கவும் செய்யாதீர்கள். பெரியவரை அவர் காதுபட “இந்த கேஸ்”, “மூணாம் பெட்டு” என்று சொல்லாதீர்கள். பேர் சொல்லி ஐயா, அம்மா என்று கூப்பிடுங்கள், டயப்பர் மாற்றும் முன்பு “மாத்தட்டுமாம்மா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆ, பல்செட்! ராத்திரி கழற்றிச் சாதாரணத் தண்ணீரில் போட்டுவையுங்கள். வெந்நீர் வேண்டாம், கோணிப்போகும். காலையில் மாட்டிவிட மறந்துவிட்டு, “இன்னிக்கு ஏனோ சாப்பிடவே மாட்டேங்கறாங்க” என்று எனக்குப் போன் பண்ணாதீர்கள்.

வணக்கம்.