தருமர் தோற்றதற்குத் தாயக்கட்டை என்ன செய்யும்?

நடுவர் அவர்களுக்கும், இந்தக் கோத்தகிரிக் குளிரில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். சின்னப் பிள்ளைக்குக் கணக்கு வருவது மனப்பாடத்தாலா, விளையாட்டாலா என்பது தலைப்பு. நான் விளையாட்டின் பக்கம்.

எதிரணித் தம்பி ஒன்று சொன்னார், நீங்களும் கை தட்டினீர்கள். "தாயம் உருட்டிய தருமர் நாட்டையே தோற்றார், இந்த அக்கா நாலு வயதுப் பிள்ளை கையில் தாயக்கட்டையைக் கொடுக்கச் சொல்கிறாரே" என்றார். தம்பி, பாரதத்தைத் திறந்தீர்கள் சரி, பாதியில் ஏன் மூடினீர்கள்? தருமர் தோற்றது பணயம் வைத்ததால். பிள்ளையைப் பணயம் வைக்கச் சொல்லி இங்கே யார் கேட்டார்கள்? அதே தருமருக்குக் காட்டில் ஒரு முனிவர் நளன் கதை சொல்கிறார். அதில் நளன் தேரோட்ட, தேரில் போகிற இருதுபன்னன் என்ற அரசன் வழியில் நிற்கும் தான்றி மரத்தைப் பார்த்த பார்வையிலேயே இத்தனை காய் என்கிறான். நளன் நம்பாமல் இறங்கி எண்ணுகிறான், சரியாக இருக்கிறது. அந்த எண் வித்தையும் சூதாட்ட வித்தையும் நளனுக்கு ஒன்றாகத்தான் கிடைத்தன. பார்த்தவுடன் எத்தனை என்று தெரிவது! இதை மனதில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வாருங்கள்.

என் மகளுக்கு அப்போது நாலு வயது. ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சு விடாமல் சொல்வாள், விருந்தாளி வந்தால் சொல்ல வைத்துப் பூரித்துப் போவோம். என் அம்மா பள்ளிக்கூடம் போகாதவர், முப்பது வருஷம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். ஒரு நாள் வாசலில் உட்கார்ந்துகொண்டு, "கண்ணு, பாட்டிக்கு ஏழு கற்பூரக் காய் பொறுக்கிட்டு வா" என்றார். யூகலிப்டஸ் காயைத்தான் அப்படிச் சொல்வோம். ஓடினாள். பாவாடையில் ஏந்திக்கொண்டு வந்து கொட்டினாள். "ஏழா இது?" "ஏழு பாட்டி." எண்ணினால் இருபத்து மூன்று! மறுபடி அனுப்பினார். இந்த முறை மூன்று. "ஏழா?" "ஏழு பாட்டி." அதே நம்பிக்கை, அதே சிரிப்பு. நூறு வரை அவள் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

அம்மா திட்டவில்லை. வாசல் மண்ணில் பதினாலு குழி தோண்டினார், இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு. இந்தக் குளிரில் புளியமரம் ஏது, புளியங்கொட்டை ஏது? கற்பூரக் காயே போதும், குழிக்கு ஐந்து. பல்லாங்குழி. ஒரு குழிக்கு ஒரு காய் என்று போட்டுக்கொண்டே போக வேண்டும், அவசரத்தில் இரண்டு விழுந்தால் பாட்டி கையைப் பிடித்துவிடுவார். குழியில் நாலு சேர்ந்தால் அது பசு, அள்ளிக்கொள்ளலாம். முதல் நாள் விரல் வைத்து ஒவ்வொன்றாக எண்ணினாள். பத்தாவது நாள் எண்ணவே இல்லை, குழியைப் பார்த்ததும் "பசு!" என்று கத்துகிறாள். தம்பி, அதுதான் இருதுபன்னன் பார்வை.

பாட்டி சொன்னால் நம்ப மாட்டீர்களா? அமெரிக்காவில் உளவியல் ஆய்வாளர்கள் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008இல் எழுதியதைப் பாருங்கள். 1 முதல் 10 வரை வரிசையாக எண் போட்ட ஒரு விளையாட்டு அட்டை, அதில் ஆடியவர்கள் ஏழை வீட்டுப் பிள்ளைகள், சில வாரத்துக்குள் நாலைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம்போல. எண்ணறிவு நன்றாகக் கூடியது, ஒன்பது வாரம் கழித்தும் மறக்கவில்லை. எண்ணுக்குப் பதில் வெறும் நிறம் போட்ட அட்டையில் ஆடிய பிள்ளைகளுக்கு அந்த முன்னேற்றம் வரவில்லை.

இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது, எனக்கு முடியவில்லை. போன மழைக்காலத்தில் அம்மா தவறிவிட்டார். காரியம் முடிந்து அவருடைய சுருக்குப்பையைத் திறந்தோம். காய்ந்த வெற்றிலை, கொஞ்சம் சில்லறை, அடியில் கற்பூரக் காய்கள். மகள் கையில் கொட்டினேன். விரல் வைக்கவில்லை, வாய் அசையவில்லை, பார்த்தாள்.

"ஒரு பசு, அப்புறம் மூணு. ஏழும்மா. பாட்டி அன்னைக்கு ஏழுதானே கேட்டாங்க?"

வணக்கம்.