200 ரூபாய் ரசீதும் மாமாவின் தையல் மிஷினும்

வணக்கம். சத்தம் சரியாகக் கேட்கிறதா? பக்கத்து வீட்டில் டைல்ஸ் வெட்டுகிறார்கள். நடுவில் கீச்சென்று ஏதாவது வந்தால் பயப்பட வேண்டாம்.

இந்த வாரம் மீன் குழம்பு வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம். காரணம் இந்தக் காகிதம். கேமராவுக்குக் கிட்டே கொண்டுவருகிறேன், பாருங்கள். மை மங்கிவிட்டது, ஆனாலும் 200 என்ற எண் தெரியும். பீரோவை ஒழிக்கும்போது பழைய கேஸ் புக்குக்குள் மடித்து வைத்திருந்தது கிடைத்தது. 2020 அக்டோபர், கொரோனா காலத்தில் முகக்கவசம் அணியாததற்கு அபராதம். நான் அணிந்துதான் இருந்தேன். தாடையில்.

சிரிக்காதீர்கள், நீங்களும் அப்படித்தான் போட்டிருப்பீர்கள். டீ குடிக்க இறக்கியது, அப்புறம் ஏற்றவே இல்லை. தாடிக்கு மாஸ்க் போட்டு ஊரே நடந்த காலம் அது.

என்னைப் பிடித்தவர்கள் எனக்கு முன்னால் ஒரு கொய்யாப்பழ வண்டிக்காரரைப் பிடித்திருந்தார்கள். அவருடைய மாஸ்க் தராசுக் கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அவருக்கு 200 ரூபாய்க்கு வியாபாரம் ஆகியிருக்குமா என்றே சந்தேகம். கெஞ்சிப் பார்த்தார், நடக்கவில்லை. கல்லாவாக வைத்திருந்த தகர டப்பாவிலிருந்து பத்து பத்தாக எண்ணிக் கொடுத்தார். வாங்கினவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சட்டம் என்ன சொன்னது? 2020 செப்டம்பர் தொடக்கத்தில், 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி அபராதம் கொண்டுவந்தார்கள். மாஸ்க் இல்லையென்றால் 200, பொது இடத்தில் எச்சில் துப்பினால் 500, இடைவெளி விடாவிட்டால் 500. 2022 ஜனவரியில் மூன்றாவது அலை வந்தபோது அந்த 200-ம் 500 ஆனது. விதி தப்பு என்று நான் அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்ல மாட்டேன். எனக்கு இருந்த கோபம் வேறு.

அந்தக் கொய்யாக்காரர் பணம் எண்ணி ஐந்தாறு மாதம் கழித்து, 2021 மார்ச்சில், எங்கள் தெரு முனையில் தேர்தல் கூட்டம். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், எல்லாக் கட்சியும்தான். திறந்த வேனில் வேட்பாளர், தாடையில் மாஸ்க். கீழே ஆயிரக்கணக்கில் ஆட்கள், பாதிப் பேருக்கு அதுவும் இல்லை. ரசீதுப் புத்தகத்தோடு ஒருவரும் வரவில்லை. ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. 26ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சீவ் பானர்ஜி தேர்தல் ஆணையத்தைப் பார்த்து, உங்கள் மீது கொலை வழக்கே போடலாம் என்கிற அளவுக்குப் பேசினார். ஆணையம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே, சொன்ன வார்த்தை கடுமைதான், ஆனால் அது எழுத்துப்பூர்வமான உத்தரவில் இல்லையே, நீக்குவதற்கு என்ன இருக்கிறது என்று முடித்துவிட்டார்கள்.

அதே காலத்தில் டெல்லியில் ஒரு வழக்கு ஓடியது, ஞாபகம் இருக்கிறதா? காரில் தனியாகப் போகிறவரும் மாஸ்க் போட வேண்டுமா என்று. போடத்தான் வேண்டும், காரும் பொது இடம்தான் என்று 2021 ஏப்ரல் 7 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் தனியாக இருக்கிறவர் பற்றி நாடே விவாதித்தது. கூட்டத்துக்கு லாரியில் அடைத்துக் கூட்டி வந்தவர்கள் பற்றி அந்த அளவுக்குப் பேச்சு இல்லை.

விதியை நடத்துகிற கை எப்படி இருந்தது என்பதற்கு நம்மிடம் இதைவிடக் கொடிய உதாரணம் இருக்கிறது. சாத்தான்குளம். 2020 ஜூன். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்று சொல்லி போலீஸ் அழைத்துப் போன தந்தையும் மகனும் அடுத்தடுத்த நாளில் இறந்தார்கள். அதைப் பற்றி மேலே பேச எனக்கு இப்போதும் வாய் வரவில்லை. நோய்க்கு எதிரான விதி என்றாலே லத்தி என்று ஊருக்குப் பதிந்துபோனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, மாமாவுக்கு வருகிறேன். இந்த ரசீதைப் பார்த்ததும் அவர்தான் ஞாபகம் வந்தார்.

என் அம்மாவின் தம்பி. வியாசர்பாடியில் சின்னத் தையல் கடை. 2020 ஏப்ரலில் ரவிக்கை தைக்க யாரும் வரவில்லை. மீந்த லைனிங் துணியை வைத்து மாஸ்க் தைக்க ஆரம்பித்தார். மூன்று மடிப்பு, உள்ளே காடா, வெளியே பூப்போட்டது. துணி கிடைத்தது, எலாஸ்டிக் கிடைக்கவில்லை. கடைசியில் பழைய பனியன் துணியை ரிப்பன் மாதிரி வெட்டிக் காதுக்கு வைத்தார். ஒன்று 15 ரூபாய். அந்த ஒரு வருடம் அந்தக் குடும்பம் சாப்பிட்டது அதில்தான்.

அந்த மாமாவுக்கு 2021 மே இரண்டாவது வாரத்தில் காய்ச்சல். ஐந்தாம் நாள் மூச்சு வாங்கியது. விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் 86 சதவீதம்தான். அப்போதெல்லாம் யார் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி "சாச்சுரேஷன் எவ்வளவு?" தான். நலமா என்று யாரும் கேட்கவில்லை. 104 உதவி எண்ணுக்குப் போட்டோம், பெயரும் எண்ணும் எழுதிக்கொண்டார்கள். 108 வந்தது. ஒரு பெரிய அரசு மருத்துவமனை வாசலுக்குப் போனோம். எங்களுக்கு முன்னால் ஆம்புலன்ஸ் வரிசை. எண்ணினேன், பதினொன்று. வண்டிக்குள்ளேயே ஆக்சிஜன் வைத்துக் காத்திருந்தோம். நாலு மணி நேரம்.

அந்த நாலு மணி நேரத்தில் நான் ஒரு கணக்குப் படித்தேன். வண்டியில் இருந்த ஊழியர் அடிக்கடி சிலிண்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன என்று கேட்டேன், சொன்னார். சின்ன சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் பிடிக்கும். நிமிடத்துக்கு 10 லிட்டர் கொடுத்தால் இரண்டரை மணி நேரம், அவ்வளவுதான். ஆள் உயர ஜம்போ சிலிண்டரில் 7,000 லிட்டர். அதே வேகத்தில் கொடுத்தால் பதினொன்றரை மணி நேரம் வரும். ஆனால் நிலைமை மோசமாகி, மூக்கு வழியாக வேகமாகச் செலுத்தும் கருவியை வைத்தால் நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை போகும். அந்த ஜம்போ சிலிண்டர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஒரே ஆளுக்கு. படுக்கை எத்தனை என்று செய்தியில் சொல்வார்களே, அந்த எண்ணுக்குப் பின்னால் குழாயில் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதை யார் சொன்னார்கள்? மே முதல் வாரத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனையில் ஒரே இரவில் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். ஆக்சிஜன் குறைந்தது என்று உறவினர்கள் சொன்னார்கள், தட்டுப்பாடு இல்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசு ஒதுக்கிய ஆக்சிஜன் 220 டன்னிலிருந்து 419 டன் ஆனது அதற்குப் பிறகுதான். தூத்துக்குடியில் 2018-இல் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு பூட்டிய ஸ்டெர்லைட் ஆலையை, ஆக்சிஜனுக்காக மட்டும் திறக்கச் சம்மதிக்க வேண்டிய நிலைக்கு ஊர் வந்தது. எவ்வளவு நெருக்கடி என்று இதிலேயே புரியும்.

மாமாவுக்கு இரவு ஒன்பது மணிக்கு இடம் கிடைத்தது. மாடிப்படி ஓரமாகப் போட்டிருந்த ஒரு கட்டில். அங்கே ஒரு செவிலியர் அக்கா, முழுப் பாதுகாப்பு உடுப்புப் போட்டிருந்தார். அதைப் போட்டுவிட்டால் ஷிப்ட் முடிகிற வரை தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது. பிளாஸ்டிக் கண்ணாடிக்கு உள்ளே வேர்வை சொட்டுவது வெளியே தெரிந்தது. நான் மாஸ்க்கை மூக்குக்குக் கீழே இறக்கி மாமாவிடம் ஏதோ சொன்னேன். அந்த அக்கா திட்டவில்லை. "தம்பி, மூக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். 200 ரூபாய் கட்டியபோது வராத வெட்கம் அப்போது வந்தது.

ரெம்டெசிவிர் கதையும் உண்டு. எழுதிக் கொடுத்தார்கள், வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். கீழ்ப்பாக்கத்தில் அரசு விற்ற இடத்தில் ஊரே நின்றது, அப்புறம் நேரு ஸ்டேடியத்துக்கு மாற்றினார்கள். நோயாளி வீட்டு ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டு வெயிலில் நின்ற வரிசை. அந்த மருந்தை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே சொல்லியிருந்தது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. மே 18 முதல் மருத்துவமனைகளுக்கே நேராகக் கொடுக்க ஆரம்பித்ததும் அந்த வரிசை இல்லாமல் போனது. முதல் நாளே அதைச் செய்திருக்கலாம், வேறென்ன சொல்ல.

இப்போது மாஸ்க் சண்டையையும் ஆம்புலன்ஸ் வரிசையையும் சேர்த்துப் பாருங்கள். கிருமி தொற்றுகிற அன்றைக்கு யாருக்கும் படுக்கை வேண்டாம். நாலைந்து நாளில் காய்ச்சல், அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் சிலருக்கு மூச்சு. ஆக, இன்றைக்குக் கூட்டத்தில் நான் மாஸ்க்கைக் கழற்றினால் அதற்கான ஆம்புலன்ஸ் இரண்டு வாரம் கழித்துத்தான் வாசலில் நிற்கும். அதனால்தான் எப்போதும் தப்பான நாளில் சண்டை போட்டோம். தொற்று குறைவாக இருந்த 2021 பிப்ரவரியில் "இன்னும் எதுக்கு மாஸ்க்?" என்று கேட்டோம். மே 21 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று என்று வந்தபோது ஆளுக்கு இரண்டு மாஸ்க் போட்டுக்கொண்டு ஓடினோம்.

மாஸ்க்கை எதிர்த்தவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 2020 ஏப்ரலில் பொதுமக்கள் எல்லோரும் போடுவதற்குச் சான்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னது. ஜூன் 5 அன்று, போடுங்கள் என்று மாற்றியது. நடுவில் உண்மையான கவலை ஒன்று இருந்தது. இருக்கிற மாஸ்க் எல்லாம் கடைக்காரர்களும் நாமும் அள்ளிவிட்டால் மருத்துவமனைக்கு மிஞ்சாது. அதை அப்படியே சொல்லியிருந்தால் ஜனங்களுக்குப் புரிந்திருக்கும். முதலில் பயன் இல்லை என்று சொல்லி, பிறகு போடாவிட்டால் அபராதம் என்றால் கொய்யாக்காரர் என்ன நினைப்பார்?

பயன் உண்டா இல்லையா என்று சும்மா வாயால் பேசாமல் நம் பக்கத்து நாட்டில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். வங்கதேசம், 600 கிராமங்கள், மூன்று லட்சத்துக்கு மேல் ஆட்கள், 2020 நவம்பரில் ஆரம்பித்த ஆய்வு. பாதிக் கிராமங்களில் வீடு வீடாக மாஸ்க் இலவசமாகக் கொடுத்தார்கள். எதற்கு என்று விளக்கினார்கள். சந்தையிலும் மசூதியிலும் ஆள் நிறுத்தி, போடாதவரிடம் அன்பாக நினைவூட்டினார்கள், ஊர்ப் பெரியவர்களை முதலில் போட வைத்தார்கள். அபராதம் கிடையாது. ஒழுங்காகப் போடுகிறவர்கள் மற்ற ஊர்களில் 100-க்கு 13 பேர், இந்த ஊர்களில் 42 பேர். அறிகுறியோடு வந்த தொற்று, சர்ஜிக்கல் மாஸ்க் கொடுத்த ஊர்களில் 11 சதவீதம் குறைந்தது. 60 வயதைத் தாண்டியவர்களிடம் 35 சதவீதம். மருத்துவமனையை நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் அந்த வயதுதானே. ஆனால் துணி மாஸ்க் கொடுத்த ஊர்களில் தெளிவான பலன் தெரியவில்லை.

நம் ஊரிலும் ரேஷன் கடையில் ஆளுக்கு இரண்டு மாஸ்க் இலவசமாகக் கொடுத்தார்கள், மறக்கவில்லை. துணி மாஸ்க். கொடுத்ததோடு சரி. சந்தையில் நின்று நினைவூட்ட ஆள் இல்லை, ரசீதுப் புத்தகத்துக்குத்தான் ஆள் இருந்தது.

இந்தத் துணி மாஸ்க் விஷயத்தை மாமாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. அவர் பதினெட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்து, தேறி, திரும்பக் கடை திறந்து ரொம்ப நாள் ஆன பிறகுதான் சொன்னேன். மிஷினை நிறுத்திவிட்டார்.

"அப்ப நான் தைச்சதெல்லாம் தெண்டமாடா?"

இல்லை மாமா, அன்றைக்கு சர்ஜிக்கல் மாஸ்க் கடையில் கிடைக்கவே இல்லை, இருந்ததெல்லாம் அந்த செவிலியர் அக்காவுக்குப் போக வேண்டியிருந்தது, நீங்கள் தைத்ததைப் போட்டுக்கொண்டுதான் நாங்கள் வெளியே போனோம் என்று ஏதேதோ சமாதானம் சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை. "எலாஸ்டிக் இருந்திருந்தா நல்லா டைட்டா வந்திருக்கும்," என்றார்.

இப்போதும் பஸ்ஸில் ஏறினால் மாஸ்க் போட்டுக்கொள்கிறார். அந்த மூன்று மடிப்பு இல்லை, மெடிக்கலில் வாங்கிய நீல நிறம். போன மாதம் அவரோடு பெரம்பூரிலிருந்து வந்தேன். வண்டியில் அவர் ஒருவர் முகத்தில்தான் மாஸ்க். இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னல் பக்கம் இருந்த பையன் இவரை ஏற இறங்கப் பார்த்தான், என்ன வியாதியோ என்று நினைத்திருப்பான், எழுந்து பின்னால் போய்விட்டான்.

மாமா ஜன்னல் ஓரம் நகர்ந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்துப் பக்கத்துச் சீட்டைத் தட்டினார். "வாடா, உக்காரு. இதுக்கும் உதவுது பாத்தியா."