மைக்கைத் தவறவிட்ட குரல்

அனைவருக்கும் வணக்கம். படம் தொடங்கக் கொஞ்ச நேரம் இருக்கிறது. அதற்குள் ‘தி டிக்ளைன் ஆஃப் வெஸ்டர்ன் சிவிலைசேஷன்’ என்ற இந்தப் படத்தை ஏன் பிடிவாதமாகக் கேட்டு வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

பங்க் ராக் என்ற முரட்டு வேக இசையைப் பற்றிய ஆவணப்படங்களுக்குப் பஞ்சமில்லை. நரைத்த தலைகளை உட்காரவைத்து, அந்தக் காலத்தில் என்ன நடந்தது என்று கேட்டு எடுத்தவையே நிறைய. அவற்றிலும் நல்ல படங்கள் உண்டு. ஆனால் கூத்து நடக்கும்போதே கூட்டத்துக்குள் நின்று எடுத்த படம் வேறு.

லண்டனில் அப்படி எடுத்தவர் டான் லெட்ஸ். ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளை. 1977-இல் ராக்ஸி என்ற கிளப்பில் இசைத்தட்டு போடுவது அவர் வேலை. பங்க் குழுக்கள் அப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தன, போடுவதற்குத் தட்டுகளே அதிகம் வரவில்லை. அதனால் தன்னிடமிருந்த, ஜமைக்கா இசையான ரெக்கே தட்டுகளைப் போட்டார். அங்கே வந்த பங்க் பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று. அப்புறம் சூப்பர் 8 கேமரா ஒன்று கைக்கு வந்ததும் மேடையை எடுக்கத் தொடங்கினார். அதில் ஒரு சுருள் மூன்று நிமிடம் சொச்சம்தான் ஓடும். நல்லவேளை, பங்க் பாட்டும் ஏறக்குறைய அவ்வளவு நீளம்தான்.

சரி, நம்ம படத்துக்கு வருகிறேன். பெனலபி ஸ்பீரிஸ் எடுத்த ‘தி டிக்ளைன் ஆஃப் வெஸ்டர்ன் சிவிலைசேஷன்’. 1979 டிசம்பரிலிருந்து 1980 மே வரை லாஸ் ஏஞ்சலஸில் எடுத்தது. பிளாக் ஃபிளாக், எக்ஸ், ஃபியர் எனப் பல குழுக்கள் இதில் வருகின்றன. ஆனால் இந்தப் படம் தொடங்குவது பாடகர்களிடமிருந்து அல்ல. தலையை மழித்த ஒரு சின்னப் பையன், பக்கத்தில் மூடியில்லாத ஒரு பல்பு, அவ்வளவுதான். இங்கே நட்சத்திரம் என்று யாரும் கிடையாது என்கிறான். முழுப் படத்தையும் அந்தப் பையன் சொன்ன கண்ணோட்டத்தில்தான் ஸ்பீரிஸ் எடுத்திருக்கிறார் என்று நான் நினைக்கிறேன்.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஜெர்ம்ஸ் குழுவின் பகுதியை. பாடகர் டார்பி கிராஷ் மேடையில் நிற்கவே தடுமாறுகிறார். முன்வரிசையில் இருப்பவர்கள் அவர் உடம்பில் பேனாவால் கிறுக்குகிறார்கள். வாய் ஒரு பக்கம், மைக் ஒரு பக்கம். காதில் விழுவது உறுமல்தான். ஆனால் திரையின் அடியில் பாட்டின் வரிகள் ஒவ்வொன்றாக ஓடுகின்றன. படித்தால் திகைப்பாக இருக்கும், இவ்வளவு யோசித்து எழுதிய ஆளா இவர் என்று. மற்றவர்கள் வெறும் சத்தம் என்று ஒதுக்கியதற்கு ஸ்பீரிஸ் சப்டைட்டில் போட்டார். நீங்கள் கேட்காவிட்டாலும் இந்தப் பிள்ளை ஏதோ சொல்கிறான், வாசியுங்கள் என்கிற அக்கறை அது. ஒரு ஆவணப்படம் தன் மனிதர்களுக்குச் செய்யக்கூடிய மரியாதைகளில் இதைவிடப் பெரிதாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

அதே டார்பி, சமையல்கட்டில் முட்டை பொரிக்கிற காட்சியும் உண்டு. மேடையில் பார்த்த ஆளா என்று தோன்றும், பக்கத்து வீட்டுப் பையன் மாதிரி இருப்பார். 1980 டிசம்பர் 7-ஆம் தேதி, 22 வயதில், ஹெராயினை அளவுக்கு மீறி ஏற்றிக்கொண்டு தன் உயிரை முடித்துக்கொண்டார். மறுநாள் பீட்டில்ஸ் குழுவில் பாடிய ஜான் லெனன் சுடப்பட்டார், உலகம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. படம் வெளிவந்தது 1981-இல். அந்த முட்டைக் காட்சியை நாம் பார்ப்பது இதெல்லாம் தெரிந்த பிறகு. அவருக்கோ அது இன்னொரு காலைச் சாப்பாடு.

லாஸ் ஏஞ்சலஸில் திரையிட்டபோது போலீஸ் பெரும்படையாக வந்து நின்றது. இந்த ஊரில் இதை இனிக் காட்ட வேண்டாம் என்று நகரின் போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸ் கேட்டுக்கொண்டார். 2016-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்தது.

ஸ்பீரிஸ் இதோடு விடவில்லை. 1998-இல் இந்த வரிசையின் மூன்றாவது படத்தில், வீடில்லாமல் தெருவில் படுத்துக் கிடந்த பங்க் பிள்ளைகளிடம் போனார். அது தியேட்டர்களுக்குப் பரவலாக வரவேயில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளைப் பார்த்த பிறகு, ஆதரவற்ற குழந்தைகளை வளர்ப்புத் தாயாகத் தன் வீட்டில் ஏற்றுக்கொள்ளத் தொடங்கினார்.

விளக்கை அணைக்கச் சொல்கிறேன். சத்தத்தைக் குறைக்க வேண்டாம் என்று ஆபரேட்டர் தம்பியிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். டார்பி பாடும்போது மட்டும் முகத்தைப் பார்க்காமல், கீழே ஓடுகிற எழுத்தைப் பாருங்கள்.