நிழலின் அருமை தெரிய வேண்டுமா? யங் அண்ட் ஜாக்சனைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அழைத்ததும் மறுக்காமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, வேலைநாள் மாலையிலும் ரயில் பிடித்து வந்திருக்கும் மெல்பர்ன் தமிழ் அன்பர்களே, எல்லோருக்கும் வணக்கம். தம் உரையைச் சுருக்கி எனக்கு நேரம் விட்டுக்கொடுத்த புலவர் ஐயாவுக்கும், பொன்னாடை போர்த்திய இளைஞர் அணியினருக்கும் தனி நன்றி.

யங் அண்ட் ஜாக்சன் ஹோட்டல் என்ற நம் ஊர்ப் பழைய மதுக்கடை, அதன் மாடியில் தொங்கும் ஓவியம், இந்த மாநிலத்தின் மதுக்கடைச் சட்டங்கள் என மூன்று விஷயம் பேச வந்தேன்.

ஃபிளிண்டர்ஸ் தெரு ஸ்டேஷன் கடிகாரங்களுக்குக் கீழே யாருக்காகவாவது காத்து நிற்காதவர் இந்த அவையில் இருக்க மாட்டீர்கள். எதிர்முனையில் நிற்கிறதே, அந்தக் கட்டடம்தான். 1861-இல் பிரின்சஸ் பிரிட்ஜ் ஹோட்டல் என்ற பெயரில் திறந்தார்கள். 1875-இல் ஹென்றி யங், தாமஸ் ஜாக்சன் இருவரும் எடுத்து நடத்த, அவர்கள் பெயரே நிலைத்துவிட்டது. நிழலின் அருமை வெயிலில்தான் தெரியும் என்பார்கள்; நாமும் தினம் அதைக் கடந்து போகிறோம், நிமிர்ந்து பார்ப்பதில்லை.

சரி, ஓவியத்துக்கு வருகிறேன். பெயர் க்ளோயி. பிரெஞ்சுக்காரர் லெஃபேவ்ர் வரைந்தது. 1880-இல் இங்கே நடந்த சர்வதேசக் கண்காட்சிக்கு வந்தது. ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அறுவை மருத்துவர் 850 கினி (அந்தக் காலத்து ஆங்கிலப் பணம்) கொடுத்து வாங்கி, 1883-இல் கலைக்கூடத்துக்கு இரவல் தந்தார். ஆடையில்லாமல் நிற்கும் பெண், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில் காட்டுவதா என்று ஊரே கொதித்தது! மூன்றே வாரத்தில் இறக்கிவிட்டார்கள். 1908-இல் மருத்துவர் மறைந்தபின் படம் ஏலத்துக்கு வந்தது, நம் யங் 800 பவுண்டுக்கு எடுத்துக் கடையில் மாட்டினார். அப்புறம் முதல் உலகப் போர். கப்பலேறப் போகும் பையன்கள் இவள் முன்னால் நின்று ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போனார்கள், பதுங்குகுழியிலிருந்து இவளுக்குக் கடிதம்கூட எழுதினார்கள். அவர்களில் எத்தனையோ பேர் திரும்பவில்லை. நான் மதுவைத் தொடாதவன், ஆனாலும் சொல்கிறேன்: கலைக்கூடம் வைத்துக்கொள்ள அஞ்சிய படத்தைக் காப்பாற்றியது ஒரு மதுக்கடை.

சட்டங்களைப் பற்றி ஒரே வரி: 1916 முதல் 1966 வரை மாலை ஆறு மணிக்கே கடையைச் சாத்த வேண்டும், வேலை முடிந்த கூட்டம் கடை சாத்துவதற்குள் கிடைத்த ஒரு மணி நேரத்தில் முட்டி மோதிக் குடித்தது. அதை இன்னொரு நாள் விரிவாகப் பேசலாம், அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

காலின்ஸ் தெருவும் கிங் தெருவும் சேரும் முனையில் 1888-இல் ஃபெடரல் காஃபி பேலஸ் எழுந்தது. மது இல்லாத விடுதியாகவே கட்டினார்கள், அரண்மனை மாதிரி, மேலே கோபுரம் வேறு. 1970-களின் தொடக்கத்தில் இடித்துத் தள்ளினார்கள். இன்று புகைப்படத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். நிழலின் அருமை வெயிலில்!

காப்பாற்ற வேண்டிய கட்டடங்களை நம் மாநிலம் பதிந்துவைக்கும் விக்டோரியா பாரம்பரியப் பதிவேட்டுக்கு ஒரு கட்டடத்தைப் பரிந்துரைக்க யாருக்கும் உரிமை உண்டு, வக்கீல் வேண்டாம், பதவி வேண்டாம். உங்கள் பேட்டையில் காப்பாற்ற வேண்டிய பழைய கட்டடம் எது, அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது என்ன என்று ஒரு தாளில் எழுதி, போகும்போது செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். விண்ணப்பம் நிரப்புவதை நான் பார்த்துக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.