மாத்திரை மூளையின் சவ்வைத் தொடுகிறதா?

பெரியோர்களே, அம்மாமார்களே, வணக்கம். மொரிஷியஸின் ரோஸ் ஹில்லில் மருந்துக்கடை நடத்துகிறேன். "தம்பி, இது மறதிக்கு நல்லதா?" என்று சிட்டிகோலின் மாத்திரை அட்டையோடு வருகிறவர்கள் அதிகம். கடையில் நின்றபடி விளக்க முடியவில்லை. கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து பேசலாம் என்று நிர்வாகத்தார் இடம் கொடுத்தார்கள்.

மூளைச் செல்லைப் போர்த்தியிருக்கும் சவ்வின் கனம் சுமார் 5 நானோமீட்டர்தான். அதிலுள்ள முக்கியமான கொழுப்பு பாஸ்படிடைல்கோலின். அதன் தலை தண்ணீரை நாடும், இரண்டு வால்களும் தண்ணீரை விட்டு ஒதுங்கும். அதனால் தானாகவே இரட்டை அடுக்காக நிற்கிறது. இந்தக் கொழுப்பு ஓயாமல் பிரிந்துகொண்டும் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டும் இருக்கிறது. கட்டும் வழியை 1950களில் கண்டு சொன்னவர் யூஜின் கென்னடி என்ற அமெரிக்க உயிர்வேதியியல் அறிஞர். அந்த வழியின் நடுவே நம் உடம்பே செய்துகொள்ளும் பொருள்தான் சிட்டிகோலின்.

சரி, விழுங்கிய மாத்திரை அப்படியே மூளைக்குப் போகிறதா? இல்லை. காவடித் திருவிழாப் பந்தலைப் பிரித்து, மூங்கில் வேறு கயிறு வேறாகக் கொண்டுபோய் இன்னோர் இடத்தில் கட்டுகிறோமே, அப்படித்தான். குடலில் அது கோலின், சிட்டிடின் என்று பிரிகிறது. நம் ரத்தத்தில் சிட்டிடின் யூரிடினாக மாறிப் பயணம் செய்கிறது. மூளைக்குள் நுழைந்த பிறகு இவை திரும்பவும் சிட்டிகோலினாகச் சேர்ந்து, அப்புறம் சவ்வின் கொழுப்பாகின்றன.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2002இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஆரோக்கியமான முதியவர்கள் தினம் 500 மில்லிகிராம் வீதம் 6 வாரம் சாப்பிட்டார்கள். பெரிய காந்தத்துக்குள் படுக்கவைத்து மூளையின் பாஸ்பரஸ் சமிக்ஞையை அளந்தபோது, சவ்வுக் கொழுப்பு பிரியும்போது வரும் பாஸ்போடைஎஸ்டர்கள் 7.3 சதவீதம் கூடியிருந்தன. சவ்வைக் கட்டுவதும் பிரிப்பதும் சுறுசுறுப்பானதாக ஆய்வாளர்கள் இதை எடுத்துக்கொண்டார்கள். வாயில் போட்டது மூளையின் வேதியியலை மாற்றுகிறது! படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே நம்பிக்கையோடுதான் பக்கவாதம் வந்த என் அப்பாவுக்கும் கொடுத்தேன். கையின் அசைவு திரும்பவில்லை. 2012இல் 2,298 பக்கவாத நோயாளிகளை வைத்து நடந்த பெரிய சோதனையின் முடிவு வந்தது. சிட்டிகோலின் பெற்றவர்களும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்து பெற்றவர்களும் ஒரே அளவில்தான் தேறியிருந்தார்கள். சவ்வில் மாற்றம் தெரிவது ஒன்று, கை அசைவது வேறொன்று.

ஆகவே, பென்ஷன் பணத்தில் இதை வாங்குவதற்காகப் பிரஷர் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் குறைக்காதீர்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய 150 மில்லிகிராம் கோலின் இருக்கிறது. சைவக்காரர்களுக்கு சோயா இருக்கிறது. வீட்டிலுள்ள அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்கிறேன்.