பாடத் தெரிவதும் சொல்லித்தரத் தெரிவதும்

நேயர்களுக்கு என் பணிவான வணக்கம்.

மயிலாப்பூரில் இருபத்தாறு ஆண்டுகளாக வீட்டில் பாட்டு வகுப்பு நடத்திவருகிறேன். விஜயதசமியன்று குழந்தையைச் சேர்க்க வரும் பெற்றோர் முதலில் கேட்பது, "நீங்கள் யாரிடம் சொல்லிக்கொண்டீர்கள்?" என்பதுதான். குருவின் பெயரைச் சொன்னவுடன் அவர்களுக்கு மனம் நிறைந்துவிடும். மூன்று ஆண்டுகளுக்கு முன், நியூ ஜெர்சியில் வசிக்கும் ஒரு தாய், இணையவழி வகுப்பில் மகளைச் சேர்க்கும் முன் வேறு கேள்வி கேட்டார்: "சொல்லித்தருவதற்கென்று தேர்வு ஏதாவது எழுதியிருக்கிறீர்களா?" நான் இசைப் பட்டயத்தையும் வானொலியில் எனக்குக் கிடைத்த பி ஹை தரத்தையும் சொன்னேன். "அதெல்லாம் நீங்கள் நன்றாகப் பாடுவீர்கள் என்பதற்குத்தானே, மேடம்?" என்றார். அவர் கேட்டதில் தவறில்லை. பதில்தான் என்னிடம் இல்லை.

இந்த நகரம் அந்தக் கேள்வியை முன்பே யோசித்த நகரம். 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. அடுத்த மூன்றே ஆண்டுகளில், 1931இல், அந்த அகாடமி ஒரு கல்லூரியைத் தொடங்கியபோது அதற்கு இட்ட பெயர் இசை ஆசிரியர் கல்லூரி. அதன் முதல் முதல்வர் டைகர் வரதாச்சாரியார். கச்சேரி வித்வான்களை உருவாக்க வேண்டும் என்பதைவிட, நல்ல ஆசிரியர்கள் வேண்டும் என்ற கவலை அந்தப் பெயரிலேயே தெரிகிறது. 1949இல் அரசு கர்நாடக இசைக்கென ஒரு கல்லூரியைத் தொடங்கி, முசிறி சுப்பிரமணிய ஐயரை அதன் முதல்வராக அமர்த்தியது. அரசு நடத்தும் கீழ்நிலை, மேல்நிலை இசைத் தேர்வுகளும் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழும் இன்றும் இருக்கின்றன. ஆனால் இந்தப் பயிற்சிச் சான்றிதழைத் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் பள்ளியில் சிறப்பாசிரியர் பணியை நாடுகிறவர்கள். மாம்பலத்திலும் நங்கநல்லூரிலும் அடையாறிலும் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துச் சொல்லித்தரும் எங்களைப் போன்றவர்களை எந்த ஏற்பாடும் தொடவில்லை.

எங்களிடம் இருக்கும் மற்ற அடையாளங்கள் எல்லாம் பாடுகிறவருக்கு, வாசிக்கிறவருக்கு உரியவை. வானொலியின் தர நிர்ணயம் கலைஞரின் குரலையும் ஞானத்தையும் எடைபோடுகிறது. பியானோ, கிதார் கற்கும் நம் குழந்தைகள் எழுதும் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் எட்டு கிரேடுகளும் மாணவரின் வாசிப்பைத்தான் அளக்கின்றன. குரு பரம்பரையோ, பாடம் சுத்தமாக வந்திருக்கிறது என்பதற்குச் சாட்சி. அதை நான் உயர்வாகவே மதிக்கிறேன். ஆனால், ஒன்பது வயதுக் குழந்தைக்கு இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், தாளம் ஏன் நழுவுகிறது என்று கண்டுபிடிக்கும் திறமை பரம்பரையோடு தானாக வந்துவிடுவதில்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வகுப்பு தொடங்கிய புதிதில் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வந்துகொண்டிருந்தான். நன்றாகப் பாடிக்கொண்டிருந்தவன், திடீரென்று மேல் ஷட்ஜத்துக்கு, அதாவது உச்ச 'ஸ'வுக்கு, போகும்போதெல்லாம் கழுத்து நரம்பு புடைக்க இழுத்துக்கொண்டு பாடினான்; பிறகு பாதியில் நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்ப்பான். சாதகம் போதவில்லை என்று நினைத்து, ஒவ்வொரு சுர வரிசையையும் மூன்று முறை கூடுதலாகப் பாட வைத்தேன். சுருதிப் பெட்டி என் பெண்குரலுக்கு ஏற்ற ஐந்தரைக் கட்டை என்ற உயர்ந்த சுருதியில் இருந்தது. ஒரு நாள் எதிர்வீட்டு மாமி, பள்ளியில் இசை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், ஏதோ வேலையாக வந்தவர் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டார். பையன் போன பிறகு சொன்னார்: "ஏம்மா, அவனுக்கு மகரக்கட்டு, குரல் உடைகிற வயசு. பெட்டியை இறக்கு. ஆறு மாசத்துக்கு மேல் ஸ்தாயிப் பக்கமே போகாதே." பயிற்சிக் காலத்தில் தமக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார்கள் என்றார். எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் பெட்டியை இறக்குவதற்குள் அந்தப் பையன் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

அமெரிக்காவில் இசை ஆசிரியர்களின் தேசியச் சங்கம் 1876இல், ஒஹையோ மாநிலத்தில், தியோடர் பிரெஸ்ஸர் என்பவரின் முயற்சியால் உருவானது. அந்தச் சங்கம் தரும் ஆசிரியர் சான்றிதழின் முறையை அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. விண்ணப்பிக்கிறவர் நான்கு இசைப் படைப்புகளை எடுத்து, அவற்றை எப்படிச் சொல்லித்தருவார் என்று ஆராய்ந்து எழுத வேண்டும்; தாம் வகுப்பெடுப்பதைப் பதிவுசெய்து அனுப்ப வேண்டும்; வகுப்பறை எப்படி இருக்கிறது என்று காட்ட வேண்டும். சான்றிதழைக் கையில் வாங்கியதோடு முடிவதில்லை, புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அங்கே தேர்வுக்கு உள்ளாவது கற்பித்தல்.

வீட்டில் சொல்லித்தரும் நமக்கும் இப்படி ஒரு சங்கமும் சான்றிதழும் வேண்டும் என்பது என் விருப்பம். அதை அப்படியே பெயர்த்துக்கொண்டு வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சான்றிதழ் வந்தால் எல்லாப் பாணிகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டுவிடும் என்று மூத்தவர்கள் அஞ்சுகிறார்கள், நியாயமான அச்சம். எந்தப் பாடாந்தரம், அதாவது எந்தக் குருவழிப் பாடம், சரி என்று தீர்ப்புச் சொல்லும் வேலை சங்கத்துக்கு வேண்டாம். குழந்தையின் குரலுக்கு ஏற்ற சுருதியை வைத்தாரா, தாளம் கையில் நின்ற பிறகு அடுத்த வரிசைக்குப் போனாரா, பிழையைக் குழந்தை குறுகிப்போகாமல் திருத்தினாரா என்று பார்த்தால் போதும். எந்தப் பாணிக்கும் இது பொருந்தும். பட்டம் ஏதும் இல்லாமல், தந்தையிடம் நாகஸ்வரம் கற்று இன்று பிள்ளைகளுக்குக் கற்றுத்தருகிறவரும் இதில் தேறலாம்.

இன்னொன்றையும் தயங்காமல் சொல்ல வேண்டும். 2018இல் கர்நாடக இசை உலகில் பாலியல் புகார்கள் வெளிவந்தபோது, தனி வகுப்பில் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் காவல் நிலையத்தைத் தவிர எங்கே போய்ச் சொல்வது என்று பெற்றோர் என்னிடம் கேட்டார்கள். ஆசிரியர்களுக்கென்று நடத்தை விதியும், புகாரைக் கேட்டு விசாரிக்கும் குழுவும் உள்ள சங்கம் இருந்திருந்தால் ஓர் இடத்தைக் காட்டியிருப்பேன். கட்டணம், விடுமுறை போன்றவற்றில் வரும் மனக்கசப்புகளும் அங்கேயே தீரும்.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி சங்கம் ஒன்றைப் பதிவுசெய்ய ஏழு பேர் போதும். மந்தைவெளியில் ஒரு வீட்டில் நாங்கள் ஐந்து ஆசிரியர்கள், மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலையில் கூடுகிறோம். ஒருவர் தம் மாணவருக்கு அரை மணி நேரம் பாடம் சொல்ல, மற்ற நால்வரும் பேசாமல் குறிப்பெடுக்கிறோம். குழந்தை போன பிறகுதான் பேச்சு. அடுத்த மாதம் என் முறை. ஜண்டை வரிசையில் இரண்டாம் காலத்துக்கு வந்தால் தாளம் எண்ணும் விரலை விட்டுவிடும் ஒரு சிறுமியை அழைத்துப் போகிறேன். அவளுடைய அம்மாவிடம் அனுமதி கேட்டாயிற்று. வந்து பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் வரலாம், குறிப்பேடு ஒன்று கொண்டுவந்தால் போதும்.

வணக்கம்.